நல்லர்போர்: கடந்து போகிறவர்களின் சமவெளி

2022 ஜனவரி கடைசியில் மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தில் சூப்பர் மார்க்கெட் அலமாரிகள் காலியாகத் தொடங்கின. பாஸ்தா, அரிசி, கழிப்பறைக் காகிதம் என்று ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டு வந்தன. பெர்த்தில் எந்தப் பேரிடரும் நேரவில்லை. வெகுதொலைவில், தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் கொட்டிய மழை ரயில் பாதையைப் பதினெட்டு இடங்களில் அரித்துவிட்டிருந்தது. 24 நாட்கள் சரக்கு ரயில் ஓடவில்லை. இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நகரம் நாட்டின் மற்ற பகுதியோடு ஒற்றை இருப்புப் பாதையால் கட்டப்பட்டிருக்கிறது என்பது பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பாதையின் நடுப்பகுதி கடக்கும் நிலம்தான் நல்லர்போர் சமவெளி. கண்டத்தின் தென்விளிம்பில், மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே கிடக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 2,00,000 சதுர கி.மீ.; தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. ஊர் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை. பெட்ரோல் பங்குகள், ரயில்வே நிறுத்தங்கள், சில ஆட்டுப்பண்ணைகள், வடக்கே இரண்டொரு பழங்குடிக் குடியிருப்புகள், அவ்வளவுதான்.

இந்த நிலத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் கடந்து போனவர்கள். அதனால் 'ஒன்றுமில்லாத இடம்' என்ற வர்ணனை நூற்றைம்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் எழுதியதையே ஊன்றிப் படித்தால் வேறொன்று புலப்படும். நல்லர்போரைக் கடந்த ஒவ்வொருவரும், ஒவ்வொரு திட்டமும், அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்களின் தண்ணீரை நம்பித்தான் கடந்திருக்கிறார்கள். தண்ணீர் காட்டியவர்களுக்கு அதன்பின் என்ன ஆனது என்பதுதான் இந்தச் சமவெளியின் வரலாறு.

முதலில் நிலம். நல்லர்போர் ஒரு பழைய கடலடித் தரை. ஆஸ்திரேலியா அண்டார்டிகாவிடமிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்தபோது இடையில் புகுந்த கடல், இன்றைய சமவெளியின் மேல் பல முறை ஏறி இறங்கியது. சிப்பிகள், பவளப்பாசிகள், நுண்ணுயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக் கல்லாக இறுகின. சுமார் 1.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிலம் உயர்ந்து கடல் விலகியது. அதன் பிறகு பெரிய மடிப்போ முறிவோ ஏற்படவில்லை. ஆறு எதுவும் ஓடி அதைச் செதுக்கவும் இல்லை. கடலடி எவ்வளவு மட்டமாக இருந்ததோ, ஏறக்குறைய அதே மட்டத்தில் கல்லாகி நிற்கிறது. ஒரே துண்டாகத் தரைக்குமேல் தெரியும் சுண்ணாம்புக்கல் பரப்புகளில் உலகிலேயே பெரியது இதுதான் என்கிறார்கள்.

தெற்கே இந்தப் பலகை சட்டென்று முடிகிறது. பண்டா செங்குத்துப் பாறைகள் 60 முதல் 120 மீட்டர் வரை நேராகக் கடலில் இறங்குகின்றன. வெட்டிய சுவரில் தெரிவதுபோல அடுக்குகளைக் கண்ணால் எண்ணலாம்: கீழே வெள்ளை, மேலே பழுப்பு. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பாறைகளின் அடியில் தென்கடல் திமிங்கலங்கள் குட்டிகளோடு வந்து தங்கும்.

ஆண்டு மழை பெரும்பாலான இடங்களில் 150 முதல் 250 மில்லிமீட்டர். பெய்கிற கொஞ்சமும் மேலே நிற்பதில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழே இறங்கிவிடுகிறது. ஆறும் இல்லை, ஏரியும் இல்லை. முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் பூத்த உப்புச்செடிகளும் நீலச்செடிகளும் மட்டும் அடிவானம் வரை. மரமே இல்லாத நிலம் என்ற பொருளில் 1860-களில் நில அளவையாளர் எட்மண்ட் டெலிசர் லத்தீனில் இட்ட பெயர்தான் நல்லர்போர். இங்கே ஒரு திருத்தம் தேவை. ஐர் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக் கடப்பவர்கள் வழிநெடுகப் பார்ப்பது பெரும்பாலும் மல்லீ என்னும் குட்டை யூகலிப்டஸ் காடுதான். மரமற்ற உண்மையான சமவெளியைச் சாலை கிழக்கே சிறிது தூரத்துக்கு மட்டும் தொட்டுவிட்டு விலகிவிடும். 'நல்லர்போரைக் கடந்தேன்' என்று சட்டையில் அச்சடித்துக்கொள்கிறவர்கள் பலரும் அதன் ஓரத்தைத்தான் கடந்திருக்கிறார்கள். முழுச் சமவெளியைக் குறுக்கே பார்ப்பது ரயிலில் போகிறவர்கள்.

மேலே இல்லாததெல்லாம் கீழே இருக்கிறது. கீழிறங்கிய நீர் கல்லைக் கரைத்துக் குகைகளை உண்டாக்கியிருக்கிறது. தரையில் ஒரு பானை வாய் அளவுக்குத் துளை. அதன் மேல் கையை நீட்டினால் காற்று உள்ளிருந்து பீறிட்டு வரும். சில மணி நேரம் கழித்துப் போனால் அதே துளை காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப, அடியில் உள்ள மாபெரும் வெற்றிடங்கள் தங்கள் காற்றை ஈடுசெய்துகொள்கின்றன. காக்கல்பிடி குகை ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. பெரும்பகுதி தெளிந்த, உப்புக் கலந்த நீருக்குள் மூழ்கியது. 1983-இல் பிரெஞ்சுக் குழு ஒன்று அங்கே நிகழ்த்தியது அன்றைக்கு உலகின் மிக நீண்ட குகை முக்குளிப்பு. 1988-இல் பானிகின் சமவெளிக் குகையில் ஒரு குழு உள்ளே இருந்தபோது மேலே எதிர்பாராத பெருமழை கொட்டி வாயில் சரிந்துவிட்டது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டு, பாறை இடுக்குகளில் வேறு வழி தேடி உயிரோடு வெளியேறினார்கள். வறண்ட நிலத்தில் வெள்ளத்தால் குகைக்குள் சிக்குவது நல்லர்போரில் நடக்கக்கூடிய விபத்து.

மரம் இல்லாத நிலம் எப்போதுமே மரம் இல்லாததாக இருந்ததா? இதற்கும் குகைகளிடம்தான் விடை. கல்விழுதுகளுக்குள் சிக்கிய மகரந்தத் தூளை ஆராய்ந்தவர்கள், சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு இங்கே இன்றைவிட மிக அதிக மழை பெய்து, யூகலிப்டஸும் பேங்க்சியாவும் நிறைந்த காடு இருந்தது என்று 2016-இல் வெளியிட்டார்கள். அது தொலைதூரக் கதை. அதைவிட வியப்பு 2002 மே மாதத்தில் கிடைத்தது. குகை ஆர்வலர்கள் கண்டுபிடித்த மூன்று குகைகளில், மேலிருந்து துளை வழியே விழுந்து இறந்த விலங்குகளின் எலும்புகள் பல லட்சம் ஆண்டுகளாகக் கலையாமல் கிடந்தன. பைவயிற்றுச் சிங்கம் என்று அழைக்கப்படும், அழிந்துபோன தைலக்கோலியோவின் முழு எலும்புக்கூடு அங்கேதான் கிடைத்தது. கங்காரு இனங்கள் மட்டும் இருபதுக்கும் மேல். அவற்றில் மரமேறிக் கங்காருகளும் உண்டு. மரமற்ற சமவெளியில் மரமேறிக் கங்காரு!

அந்த விலங்குகள் வாழ்ந்த காலத்து மழை இன்றைய மழையைப் போலக் குறைவாகவே இருந்தது என்று அவற்றின் பற்களின் வேதியியல் காட்டுகிறது. ஆகவே மரங்களும் புதர்களும் மறைந்ததற்கு மழை குறைந்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது. காட்டுத்தீ கூடியது ஒரு காரணமாகலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் வாதம். இந்த விவாதம் ஓயவில்லை. எப்படியானாலும், நல்லர்போரின் வெறுமை படைப்பிலேயே விதிக்கப்பட்டது என்று எண்ணியவர்களுக்கு அந்த எலும்புகள் ஒரு குட்டு.

மனிதர்களின் தடமும் தரைக்கு அடியில்தான் முதலில் கிடைத்தது. கூனால்டா குகைக்குள், பகல் வெளிச்சம் எட்டாத ஆழத்தில், மென்மையான சுண்ணாம்புச் சுவரில் விரல்களை அழுத்தி இழுத்த கோடுகள் மீட்டர் கணக்கில் ஓடுகின்றன. கீழே சிக்கிமுக்கிக் கல் வெட்டியெடுத்த குழிகள். 1950-களில் இருந்து அலெக்சாண்டர் காலஸ் என்ற தொல்லியலாளர் அங்கே அகழ்ந்தார்; கரித்துண்டுகளின் காலம் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே போயிற்று. ஆஸ்திரேலியாவில் மனித வாழ்வு சில ஆயிரம் ஆண்டுப் பழமையே கொண்டது என்ற அன்றைய எண்ணத்தை அசைத்த இடங்களில் இதுவும் ஒன்று. 2014-இல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2022-இல் யாரோ வேலிக்கு அடியில் புகுந்து அந்தக் கோடுகளின் மேலேயே எழுத்துகளைக் கீறிவிட்டுப் போனார்கள். ஈரமான மென்கல் என்பதால் அழிக்கவும் வழியில்லை. சிறந்த பாதுகாப்பு கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துவந்த மிர்னிங் மூத்தோர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மிர்னிங் மக்கள் கடற்கரையை ஒட்டிய தெற்குப் பகுதிக்கு உரியவர்கள். ஜீதரா என்னும் வெண் திமிங்கலம் அவர்களின் படைப்புக் கதையில் நடுநாயகம். வடக்கே மணல்மேடுகளின் நாட்டில் ஆனங்கு மக்கள், ஸ்பினிஃபெக்ஸ் மக்கள். இவர்கள் மரமற்ற நடுச் சமவெளியில் நிரந்தரமாகத் தங்கவில்லை. மழை பெய்த பிறகு பாறைக் குழிகளில் நீர் நிற்கும் வரை உள்ளே போய், வற்றும்முன் ஓரத்துக்குத் திரும்புவார்கள். எந்தக் குழியில் எத்தனை நாள் நீர் நிற்கும், எந்த மல்லீ மரத்தின் வேரை உடைத்தால் நீர் சொட்டும், கடற்கரை மணல்மேட்டின் பின்புறம் எங்கே தோண்டினால் நன்னீர் ஊறும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வந்த அறிவு. சமவெளியின் வடகிழக்கு ஓரத்தில் ஊல்டியா ஊற்று இருந்தது. மணல்மேட்டுக்கு அடியில் களிமண் படுகை பிடித்து வைத்திருந்த நன்னீர், கோடையிலும் வற்றாதது. நூற்றுக்கணக்கான கி.மீ. தொலைவிலிருந்து குழுக்கள் அங்கே கூடின. சடங்குகளும் பண்டமாற்றும் நடந்தன.

1841-இல் ஆய்வுப் பயணி எட்வர்ட் ஜான் ஐர் வந்தார். ஆடுமாடுகளை மேற்கே ஓட்டிச் செல்லத் தரைவழி உண்டா என்பது அன்றைய தெற்கு ஆஸ்திரேலியக் குடியேறிகளின் கேள்வி. பிப்ரவரி இறுதியில் ஃபவுலர்ஸ் விரிகுடாவிலிருந்து மேற்பார்வையாளர் ஜான் பாக்ஸ்டர், மூன்று பழங்குடி இளைஞர்கள் ஆகியோருடன் அவர் புறப்பட்டார். பாறைகள் தொடங்கும் இடத்துக்கு முன்பு உள்ளூர் மக்கள் மணல்மேட்டு நீரைக் காட்டினார்கள், எப்படித் தோண்டுவது என்றும் கற்பித்தார்கள். அதன் பிறகு பல நாட்களுக்கு நீரே இல்லை. விடியற்காலையில் செடிகளின் மேல் படிந்த பனியைப் பஞ்சில் ஒற்றிப் பிழிந்து குடித்தார்கள். ஏப்ரல் 29 இரவு, இளைஞர்களில் இருவர் பாக்ஸ்டரைச் சுட்டுவிட்டுத் துப்பாக்கிகளோடும் உணவோடும் போய்விட்டார்கள். அடக்கம் செய்யக் குழி தோண்ட முடியவில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே பாறைத் தளம். போர்வையில் சுற்றி அங்கேயே விட்டுவிட்டு ஐர் நடந்தார்.

மூன்று இளைஞர்களில் உடன் எஞ்சியவர் வைலி. மேற்கே ஆல்பனியைச் சேர்ந்த நூங்கார் இளைஞர். இருவரும் குதிரைக் கறி தின்றும் கங்காரு வேட்டையாடியும் ஜூன் மாதம் எஸ்பெரன்ஸ் அருகே கரையோரம் நின்ற 'மிஸிஸிப்பி' என்ற பிரெஞ்சுத் திமிங்கல வேட்டைக் கப்பலைக் கண்டார்கள். சுமார் இரண்டு வாரம் அதில் தேறி, ஜூலை 7-இல் ஆல்பனியை அடைந்தார்கள். ஆடுமாடு ஓட்டிச் செல்ல வழியில்லை என்பதே பயணத்தின் முடிவு. ஐரின் பெயர் நெடுஞ்சாலைக்கும் தீபகற்பத்துக்கும் பெரிய ஏரிக்கும் வைக்கப்பட்டது. வைலிக்கு வாராந்திர உணவுப்படி கிடைத்தது. இதே ஐர்தான் பின்னாளில் ஜமைக்கா ஆளுநராக 1865-இல் மோரன்ட் விரிகுடாக் கிளர்ச்சியைக் கொடூரமாக ஒடுக்கியவர் என்பதைப் பயண நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

அடுத்து வந்தது தந்தி. 1877-இல் ஆல்பனியிலிருந்து அடிலெய்டு வரை கம்பி இணைந்தது. எல்லையில் யூக்லா நிலையம். அங்கே நடந்த வேலையை நினைத்தால் சிரிப்பு வரும். இரு காலனிகளும் வேறு வேறு மோர்ஸ் முறையைப் பயன்படுத்தின: மேற்கு ஆஸ்திரேலியா சர்வதேச முறை, தெற்கு ஆஸ்திரேலியா அமெரிக்க முறை. எனவே ஒரே கட்டடத்துக்குள் ஒரு பக்கம் மேற்கத்தியர், மறுபக்கம் கிழக்கத்தியர். இந்தப் பக்கம் வந்த செய்தியைத் தாளில் எழுதி, தடுப்பின் வழியே கையால் நீட்டுவார்கள். மறுபக்கத்துக்காரர் அதை வாங்கித் தன் முறையில் தட்டி அனுப்புவார். தங்க வேட்டைக் காலத்தில் தலைநகரங்களுக்கு வெளியே மிகச் சுறுசுறுப்பான தந்தி நிலையங்களில் ஒன்றாக யூக்லா இருந்தது.

அதை முடித்துவைத்தவை முயல்கள். கிழக்கே வேட்டைப் பொழுதுபோக்குக்காக இறக்குமதி செய்யப்பட்ட முயல்கள் 1890-களில் இங்கே வந்து சேர்ந்தன. மணல்மேடுகளைப் பிடித்து வைத்திருந்த செடிகளைத் தின்று தீர்த்தன. பிடிப்பு போன மணல் நகரத் தொடங்கி ஊரை விழுங்கியது. 1927-இல், ரயில் பாதையை ஒட்டிப் புதிய கம்பி வந்ததும் நிலையம் மூடப்பட்டது. இன்று பழைய யூக்லாவில் தந்தி நிலையத்தின் கல் சுவர்கள் மட்டும் மணலுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து ஓர் ஆண்டு சன்னல் தெரியும், மறு ஆண்டு கூரை விளிம்புதான் தெரியும்.

ரயில் வந்ததற்குக் காரணம் அரசியல். 1901-இல் காலனிகள் ஒன்றிணைந்து ஆஸ்திரேலியக் கூட்டமைப்பு ஆனபோது, தயங்கி நின்ற மேற்கு ஆஸ்திரேலியாவை இழுக்கக் காட்டப்பட்ட ஆசை கண்டத்தின் குறுக்கே ஒரு ரயில். 1912-இல் கிழக்கே போர்ட் அகஸ்டாவில் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டு மேற்கே கால்கூர்லியிலிருந்தும். குதிரைகளும் ஒட்டகங்களும் மனிதக் கைகளும் பெரும்பகுதி வேலையைச் செய்தன. 1917 அக்டோபர் 17 அன்று இரு முனைகளும் சந்தித்தன. 1,692 கி.மீ. நீளத்தில் வற்றாத ஓடை ஒன்றைக்கூடப் பாதை கடக்கவில்லை. சமவெளியின் மேல் 478 கி.மீ. ஒரு வளைவும் இல்லாத நேர்கோடு. உலகிலேயே மிக நீண்ட நேர்ப்பாதை. நிறுத்தங்களுக்குப் பிரதமர்களின் பெயர்களைச் சூட்டினார்கள்: பார்ட்டன், டீக்கின், வாட்சன், ரீட், ஃபிஷர், குக், ஹியூஸ். நாடாண்டவர்களில் பலரும் யாரும் இறங்காத ரயில் நிறுத்தங்களில் நினைவுகூரப்படுகிறார்கள்.

இரு முனைகளும் சந்தித்த இடம் ஊல்டியா. அது தற்செயல் இல்லை. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். சமவெளியின் ஆழ்துளைக் கிணறுகளில் வந்தது கொதிகலன்களை அரிக்கும் உப்பு நீர். சில வேளைகளில் ரயில் இழுத்துச் சென்ற எடையில் பாதி, தனக்கே தேவையான தண்ணீராக இருந்தது. நன்னீர் இருந்த ஒரே பெரிய இடம் ஊல்டியா ஊற்று. ரயில்வே அங்கே கிணறுகள் தோண்டி, நாள்தோறும் பல்லாயிரம் காலன் இறைத்தது. கைகளால் தோண்டி எடுத்தவரை ஆயிரம் ஆயிரம் ஆண்டுகள் வற்றாதிருந்த ஊற்று, பத்தே ஆண்டுகளில் கெட்டது. துளையிட்டதில் அடியிலிருந்த களிமண் படுகை பிளந்து உப்பு நீர் கலந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். 1920-களில் இறைப்பதை நிறுத்தினார்கள். ரயில்வேக்கு அது ஒரு கணக்குப் புத்தக இழப்பு. ஆனங்கு மக்களுக்கோ கூடும் இடமே போயிற்று. அவர்கள் ரயில் பாதையோரம் கலைப்பொருள் விற்றும் பயணிகளிடம் கைநீட்டியும் வாழ வேண்டியதாயிற்று. டெய்சி பேட்ஸ் என்ற ஐரிஷ் பெண்மணி 1919 முதல் 1935 வரை அங்கே கூடாரத்தில் தங்கி அவர்களுக்கு உணவும் மருந்தும் கொடுத்தார். தொண்டர் என்று புகழப்பட்டவர். அழிந்துகொண்டிருக்கும் இனத்தின் மரணப்படுக்கைத் தலையணையைச் சரிசெய்கிறோம் என்ற அந்தக் காலத்து மனப்பான்மைக்கும் அவரே முகம். அந்த மக்கள் அழியவில்லை என்பது அவருக்குப் பின் வந்த வரலாறு.

பாதையோரம் வேலையாட்களின் குடும்பங்கள் வாழ்ந்தன. அவர்களுக்காக 'டீ அண்ட் சுகர்' என்ற ரயில் 1996 வரை ஓடியது. மளிகைக் கடை, கசாப்புக் கடை, சம்பளம் தரும் பெட்டி, தண்ணீர்த் தொட்டிகள் எல்லாம் ஒரே ரயிலில். குடும்பத் தலைவிகள் பையோடு ஏறி, வாங்கி, இறங்குவார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் தாத்தா வந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார். குக் என்ற நிறுத்தத்தில் பள்ளியும் மருத்துவமனையும் நீச்சல் குளமும் இருந்தன. 1950-களில் டீசல் எஞ்சின்கள் வந்தபின் தண்ணீர்த் தேவை குறைந்தது. தண்டவாளத்துக்கு அடியில் கான்கிரீட் கட்டைகள் வந்தபின் பராமரிப்புக் கூட்டம் குறைந்தது. 1997-இல் அரசு ரயில்வே தனியாருக்கு விற்கப்பட்டதும் குக் காலியானது. இன்று விரல்விட்டு எண்ணத்தக்க ஊழியர்கள் மட்டும் இருக்கிறார்கள். சொகுசுச் சுற்றுலா ரயிலான 'இந்தியன் பசிஃபிக்' அங்கே நிற்கும்போது பயணிகள் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் 'ஒன்றுமில்லாத இடம்' என்ற சொல்லுக்குக் கொடுக்கப்பட்ட மிகப் பெரிய விலை. பிரிட்டன் அணுகுண்டு சோதிக்க இடம் தேடியது. ஆஸ்திரேலியப் பிரதமர் மென்சிஸ் இசைந்தார். 1953-இல் வடக்கே எமு ஃபீல்டில் இரண்டு வெடிப்புகள். பிறகு சமவெளியின் வட ஓரத்தில் மரலிங்காவில் 1956, 1957 ஆண்டுகளில் ஏழு. இடத்தைத் தேர்ந்ததற்கு ரயில் பாதை அருகில் இருந்ததும் ஒரு காரணம். ஊல்டியாவில் இருந்த கிறித்தவ மிஷன் 1952-இல் மூடப்பட்டு, மக்கள் தெற்கே யலாட்டாவுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். சிவப்பு மணல் நாட்டு மக்களுக்கு அங்கே கிடைத்தது சாம்பல் நிறச் சுண்ணாம்பு மண். அந்த மண்ணின் நிறத்தைப் பற்றிய துயரம் அவர்கள் நினைவுகூரல்களில் இன்றும் வருகிறது.

எல்லோரும் வெளியேறவில்லை. பல லட்சம் சதுர கி.மீ. நிலத்தில் நடமாடும் மக்களை எச்சரிக்க நியமிக்கப்பட்ட ரோந்து அதிகாரி வால்டர் மக்டூகல். ஆட்கள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள் என்று அவர் மீண்டும் மீண்டும் சொன்னார். ஒரு கைப்பிடிப் பழங்குடிகளின் நலனைப் பிரிட்டிஷ் காமன்வெல்த்தின் நலனுக்கு மேலாக வைக்கிறார் என்று தலைமை விஞ்ஞானி ஆலன் பியூட்மென்ட் அவரைக் குறித்து எழுதினார். 1957 மே மாதம், முந்தைய ஆண்டு வெடித்த குண்டு தோண்டிய பள்ளத்தருகே, தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் அடங்கிய குடும்பம் ஒன்று முகாமிட்டிருந்ததைப் படைவீரர்கள் கண்டார்கள். குளிப்பாட்டி, வண்டியில் ஏற்றி யலாட்டாவுக்கு அனுப்பினார்கள். அவர்களின் நாய்களைச் சுட்டார்கள். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது என்று வீரர்களுக்கு உத்தரவு. அந்தத் தாய் பின்னாளில் அரச விசாரணைக் குழுமுன் சாட்சி சொன்னார்.

பெரிய வெடிப்புகளைவிட நீண்ட காலத் தீங்கு 1963 வரை நடந்த 'சிறு சோதனை'களால் விளைந்தது. புளூட்டோனியத்தை வெடிமருந்தோடு சிதறடித்துப் பார்த்த அந்தச் சோதனைகளில் இருபது கிலோவுக்கும் மேல் புளூட்டோனியம் வெட்டவெளியில் பரவியது. 1967-இல் பிரிட்டன் மண்ணை உழுது மேல்கீழாகப் புரட்டிவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்று சொன்னது. 1984-85இல் நீதிபதி மக்லெலண்ட் விசாரணைக் குழு உண்மைகளை வெளிக்கொணர்ந்தது. இரண்டாவது துப்புரவு 2000-இல் முடிந்தது. பத்துக் கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் செலவு. 1994-இல் மக்களுக்குக் கிடைத்த இழப்பீடு 1.35 கோடி டாலர். நிலம் 1984-இல் சட்டப்படி, மரலிங்கா ஜருஜா என்ற பெயரில் அந்த ஆனங்கு மக்களுக்குத் திரும்பத் தொடங்கி, கடைசித் துண்டுகள் 2009, 2014 ஆண்டுகளில் வந்து சேர்ந்தன. அதற்குள் சிலர் காத்திராமல் வடக்கே போய் ஓக் வேலி என்ற குடியிருப்பை 1980-களில் அமைத்துக்கொண்டிருந்தார்கள்.

நெடுஞ்சாலையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஜப்பானியப் படையெடுப்பு அச்சத்தில் 1941-42இல் போட்ட மண் பாதை, முழுவதும் தார் கண்டது 1976-இல். பாலடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கி.மீ. வளைவில்லை. சில இடங்களில் சாலையே விமான ஓடுதளம். பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்கக் கோடு போட்டிருக்கிறார்கள். 1979 ஜூலையில் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தின் துண்டுகள் இந்தப் பக்கம் விழுந்தபோது, குப்பை போட்டதற்காக எஸ்பெரன்ஸ் உள்ளாட்சி நாசாவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. வானிலிருந்து விழுவது இங்கே புதிதல்ல. வெளிறிய தரை, செடி குறைவு, மழை குறைவு என்பதால் கறுத்த விண்கற்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கண்ணில் படும். 1966-இல் மண்ட்ரபில்லாவில் கிடைத்த இரும்பு விண்கல்லின் பெரிய துண்டு 10 டன்னுக்கு மேல்.

அண்மையில் எண்ணெயும் மின்சாரமும் தேடி வந்திருக்கிறார்கள். கடலோர ஆழத்தில் எண்ணெய் தோண்ட பிபி, செவ்ரான், எக்வினார் ஆகிய நிறுவனங்கள் அடுத்தடுத்து முயன்றன. மிர்னிங் மூத்தோர்களும் மீனவர்களும் கடற்கரை ஊர்களும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் எக்வினாரும் விலகியது. எண்ணெய் போனபின் வந்திருப்பது காற்று. மேற்கு ஆஸ்திரேலியப் பக்கத்தில் 15,000 சதுர கி.மீ. பரப்பில் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் நிறுவி ஹைட்ரஜன் தயாரிக்கும் திட்டம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. 2024-இல் மாநிலச் சுற்றுச்சூழல் அதிகார அமைப்பின் முன் வைக்கப்பட்டபோது அதன் அளவு 70 ஜிகாவாட், காற்றாலைகள் 3,000 வரை.

முந்தைய திட்டங்களுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. 2017-இல் மேற்கு ஆஸ்திரேலிய மிர்னிங் மக்களின் பூர்வீக நில உரிமையை நீதிமன்றம் ஏற்றது. ஆகவே மிர்னிங் மக்களின் நிறுவனமும் இத்திட்டத்தில் பங்காளி. ஐர் அவர்களிடம் கேட்டது நீர் மட்டும்; தந்தியும் ரயிலும் கேட்கவே இல்லை. குகை ஆய்வாளர்களின் கவலை வேறு. இவ்வளவு உயரமான காற்றாலைக்கு அடித்தளம் போட வேண்டிய கல்லுக்குள்தான் அந்தக் குகைகளும் எலும்புகளும் நீரும் இருக்கின்றன. ஹைட்ரஜன் தயாரிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதற்கும் திட்டத்தில் ஏற்பாடு உண்டு: கடல்நீரை எடுத்து உப்பு நீக்கிக்கொள்வார்களாம்.